வைக்கோல் கட்டுக்குப் பின்னால்

எங்கள் ஊர்த் தோட்டச் சங்கத்தில் ஆண்கள் ஒன்றுக்குப் போவதைத் தடை செய்து தீர்மானம் கொண்டுவந்தது என் அம்மா. ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவில்லை; ஸ்காட்லாந்தில் இருக்கும் எங்கள் ஃபார்ஃபரில் அந்த அளவுக்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. வைக்கோல் கட்டின் மேல் போவதை மட்டும்.

நகராட்சியிடம் ஆளுக்கொரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் கீரையும் ராஸ்பெரியும் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களில் கொஞ்சம் வயதான ஆண்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேநீர் முழுக்க கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். சில மாதத்தில் கட்டு ஊறி, இற்று, எருக்குழிக்குத் தயாராகிவிடும். அப்பா இதை அறிவியல் என்பார். சங்கத்தின் செயலாளரான அம்மா இதை நாற்றம் என்பாள். ஓட்டெடுப்பு நடந்த அன்று நல்ல மழை. பெண்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள், ஆண்கள் மழையைக் காரணம் காட்டி வீட்டில் இருந்துவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாளே அப்பா, எங்கள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வைக்கோல் கட்டு இனி நாயுடையது என்று அறிவித்தார்.

நாயின் பெயர் நீப். எங்கள் பக்கத்தில் டர்னிப் கிழங்கை அப்படித்தான் சொல்வோம். கறுப்பு ஸ்காட்டிஷ் டெரியர், சுருக்கமாக ஸ்காட்டி. அந்தக் கிழங்கைப் போலவே தரையோடு தரையாக, உருவத்தை மீறிய எடையாக, யார் இழுத்தாலும் லேசில் வராது. தாடி வைத்த நீதிபதி மாதிரி ஒரு முகம். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஊர் நாய்களிடம் கடி வாங்கியவர், கடைசியில் ஒரு நாயிடம் விழுந்துவிட்டார். காலையில் இருவரும் தோட்டத்துக்குப் போவார்கள். அப்பா கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டு வருவார். பின்னாலேயே நீப் போய், அப்பா விட்ட இடத்தில் காலைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும். எனக்கு இது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து நகரமான டண்டீயில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் சோறும் வேண்டும், நிம்மதியும் வேண்டும். ஆகவே நானும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குச் சிவப்பு தெரியாது. பிறவியிலேயே அப்படி. ராஸ்பெரி பழுத்ததா இல்லையா என்பதை விரலால் தள்ளிப் பார்த்துத்தான் சொல்வார். காம்பை விட்டுக் கழன்று வந்தால் பழம், வராவிட்டால் காய். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை சிவப்பு கோட் என்று சொல்லி ஒரு பிரவுன் கோட் வாங்கிக்கொடுத்தார். அம்மா அதைச் சிவப்பு என்றே நம்புவதாக நடித்துப் பல வருஷம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் திருமணத்தின் அஸ்திவாரம் அது என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் நல்ல பனி விழுந்தது. கீரையை மூடியிருந்த வலை பனியின் பாரத்தில் சரிந்துவிட்டதா என்று பார்க்க அம்மா அபூர்வமாகத் தோட்டத்துக்கு வந்தாள். வந்தவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"எக்! இங்க வா."

எக் என்பது அப்பா. அலெக்ஸாண்டர் டோர்வர்ட் என்ற முழுப் பெயர் தபால் துறைக்கு மட்டும்தான் தெரியும்.

"இது என்ன?"

"பனி."

"பனி மேல என்ன?"

"நாய்."

"நாய் எங்கயாவது சிவப்பாப் போகுமா?"

அப்பா குனிந்தார். வைக்கோல் கட்டின் அடியில், வெள்ளைப் பனியில், யாரோ ராஸ்பெரி சர்பத்தைக் கொட்டியது போல ஒரு கறை. நான் அதைப் பார்த்தேன். அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது கொஞ்சம் அழுக்குப் பனி, அவ்வளவுதான்.

"சிவப்பாவா இருக்கு?" என்றார். குரலில் நடிப்பே இல்லை.

"ரத்தம்டா எக். உன் நாய்க்கு ரத்தம் போகுது."

நீப் தன் பெயர் அடிபடுவது தெரிந்து வாலை ஆட்டியது. அப்பா அப்படியே பனியில் முழங்கால் போட்டு, அதன் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தம் இருந்ததா போனதா என்று அவருக்கே தெரிய வாய்ப்பில்லை, எனக்குத் தெரிந்தது. போய்விட்டிருந்தது.

கால்நடை டாக்டர் இஷ்பெல் கத்ரி பசு, குதிரை, பூனை, ஆமை எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் ஆறுதல் சொல்கிறவர். நீப்பை மேஜையில் ஏற்றி, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார். மேஜையில் இருப்பதை விட்டுவிட்டு நம்மை உட்காரச் சொன்னால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

"பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, மிஸ்டர் டோர்வர்ட். ஆனா இந்த ஜாதி நாய், மூத்திரத்துல ரத்தம்னா, எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது மூத்திரப்பைப் புற்றுதான். மத்த நாய்ங்களைவிட ஸ்காட்டிக்குப் பல மடங்கு வருது. பைக்கு உள்பக்கம் ஒரு தோல் இருக்கும். நிரம்பினா விரிஞ்சு, காலியானா சுருங்கற தோல். அதுலதான் ஆரம்பிக்கும்."

"அதுக்குப் பேரு?" என்றார் அப்பா.

"டிரான்சிஷனல் செல் கார்சினோமா."

"ஒரு நாய்க்கு எதுக்கு டாக்டரம்மா இவ்ளோ நீளப் பேரு?"

"மனுஷங்களுக்கு வந்தாலும் இதே பேருதான்."

"இன்னைக்குப் பிடிச்ச மூத்திரத்துல ரத்தம் இல்லைன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா. அதை ஒரு சூப் கரண்டியில் பிடித்தது நான். ஸ்காட்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கரண்டி நுழைவது எத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் கரண்டி இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

"இந்த ரத்தம் வரும், போகும். ஒரு நாள் இல்லைங்கறதால நிம்மதியா இருக்க முடியாது."

"ஊசி குத்தி உள்ள இருந்தே எடுத்துப் பார்த்துடலாமே?"

"அதுதான் கூடாது. கட்டி இருந்துச்சுன்னா, ஊசி வெளிய வர்ற வழி பூரா அந்த செல்லை விதைச்சுட்டு வந்துடும்."

விதைப்பது என்றதும் அப்பாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

பிறகு டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டார். அதைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"அந்த வைக்கோல் கட்டுக்கு வேற யாராச்சும் போறாங்களா? வேற நாய்? வேற ஆளு?"

"யாரும் போறதில்ல," என்றாள் அம்மா. "சங்கம் தடை பண்ணியிருக்கு."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த உண்ணிப் பூச்சிப் படத்தைப் பார்த்தேன்.

"யாரும் போறதில்ல," என்றார் அப்பா. காது இரண்டும் சிவந்திருந்தன. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

தடை இருந்ததால் யாரும் போகவில்லை. யாரும் போகாததால் ரத்தம் நாயுடையது. இதை ஒரு தர்க்கப் பாடப் புத்தகத்தில் போட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

வயிற்று முடியை மழித்து ஸ்கேன் எடுத்தார்கள். "ஒரு இடத்துல சுவர் கொஞ்சம் தடிப்பாத் தெரியுது. பை காலியா இருந்தாலும் இப்படித் தெரியும். மயக்கம் கொடுத்து, கேமரா விட்டு, அந்த இடத்தைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்," என்றார் டாக்டர்.

"இருந்துச்சுன்னா?"

"நாய்க்குப் பெரும்பாலும் பையோட கழுத்துலதான் வரும். சிறுநீரகக் குழாய் வந்து சேர்ற இடம், வெளிய போற வழி, எல்லாம் அங்கதான். கத்தி வைக்க முடியாது. மாத்திரை இருக்கு, கீமோ இருக்கு. சில மாசம் தள்ளலாம். நல்லாக் கேட்டுச்சுன்னா ஒரு வருஷம்."

"மனுஷனா இருந்தா?"

"மனுஷன்னா வேற கதை. சீக்கிரமாப் பார்த்தா, வர்ற வழியாவே உள்ள போய்ச் சுரண்டி எடுத்துட்டு, மருந்து ஊத்திப் பல வருஷம் ஓட்டிடுவாங்க."

அப்பா நீப்பின் மழித்த வயிற்றில் கையை வைத்தார். "நாயாப் பொறந்தது இதோட தப்பா?" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டி செத்தபோதுகூட அவர் தபால் கொடுக்கப் போயிருந்தார்.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாக இல்லை. பச்சைக் காய்கறி சாப்பிடும் ஸ்காட்டிகளுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது என்று டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்பா தோட்டத்துக் கீரை முழுவதையும் பறித்து வந்து வேகவைத்து, ஸ்பூனில் எடுத்து ஊட்டினார். நீப் என்னைப் பார்க்கும். நான் என்ன செய்ய முடியும்? அம்மா தன் பங்குக்கு, நாய் வீட்டுக்குள் எங்கேயாவது ஒன்றுக்குப் போனாலும் திட்டக்கூடாது என்று புது விதி போட்டாள். நீப் அந்த விதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. எல்லாமே நல்ல மஞ்சள். எங்கள் நிம்மதிக்கு அதுவே போதாதா? போதவில்லை. வரும், போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

மனிதர்களின் கழிவறைத் தொட்டியை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, அம்மா அதில் தண்ணீரை நீலமாக்கும் மாத்திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். சுத்தத்துக்காக.

கேமரா பரிசோதனைக்கு முந்தின நாள், மறுபடி பனி வரும் என்று வானொலி சொன்னது. காலையில் பாதை அடைபட்டாலும் அடைபடலாம் என்பதால் சாயந்திரமே நீப்பைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டோம். அப்பா தன் கம்பளிச் சால்வையைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

காலையில் நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. அம்மா கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். மயக்கம் போடறதுக்கு முன்னாடி அது யாராவது தெரிஞ்ச மூஞ்சியப் பார்க்கணும். உங்கப்பன் நாய் படுக்கிற கூடை காலியா இருக்கிறதைப் பார்க்க முடியாம தோட்டத்துக்கு ஓடிட்டான். போய்க் கூட்டிட்டு வா. இதைக் கொடு." சூடான பிரைடி ஒன்றை, கறி வைத்த எங்கள் ஊர்ப் பண்டம், காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள்.

ராத்திரி விழுந்த பனியில் தோட்டம் புதுத்தாள் மாதிரி இருந்தது. வாசலிலிருந்து ஒரே ஒரு ஆள் நடந்து போன பூட்ஸ் தடம். அந்தத் தடம் எங்கள் கொட்டகைக்குப் போய், கொட்டகையைச் சுற்றிப் பின்னால் போய், திரும்பி முன்னால் வந்து, கதவுக்குள் முடிந்தது. நான் ஏன் தடத்தின் மேலேயே நடந்தேன் என்று தெரியவில்லை. புதுப் பனியைக் கெடுக்க மனமில்லாமல் இருக்கலாம். அந்தத் தடம் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

சிவப்பு.

முன்பு பார்த்த மாதிரி இளஞ்சிவப்பு இல்லை. வைக்கோல் கட்டின் மேல் படிந்திருந்த பனியில், மேல் விளிம்பிலிருந்து அடி வரைக்கும், ஓர் ஓடை. இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. நடுவில் கறுப்பாகக் கட்டி கட்டியாக ஏதோ. அந்த உயரத்துக்குப் போக வேண்டுமானால் ஸ்காட்டிக்கு நாற்காலி வேண்டும். நாயின் கால்தடம் ஒன்றுகூட இல்லை. நாய் ஆஸ்பத்திரியில் இருந்தது.

நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. மனம் ஒரு விசித்திரமான வேலை செய்தது. நாய் எப்படி ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருக்குமோ என்றுகூட யோசித்தது. கண் முன்னால் இருக்கும் வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லா வாக்கியத்தையும் படித்துப் பார்த்தது.

"யாருடா அது?" கொட்டகைக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "பிரைடியா? கொண்டா."

"அப்பா."

"என்ன?"

"இங்க வாங்க."

வந்தார். நான் கட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சரி, சரி. உங்கம்மாகிட்டச் சொல்லாத," என்றார்.

"அப்பா, இது சிவப்பா இருக்கு."

"நாய்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். நாய் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காகம் கத்தியது. அப்பா கையுறையைக் கழற்றினார். குனிந்து, அந்தப் பனியை விரலால் தொட்டார். ராஸ்பெரியைத் தள்ளிப் பார்ப்பாரே, அதே மாதிரி. விரலை உருட்டிப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

"எவ்ளோ சிவப்பு?"

"ரொம்ப."

"காய் மாதிரியா, பழம் மாதிரியா?"

"பழம்பா. நல்லாப் பழுத்தது."

"வலிக்கவே இல்லையேடா எனக்கு." யாரோ கணக்கில் ஏமாற்றிவிட்டதைப் போலச் சொன்னார். பிறகு அவர் முகம் மாறியது. நான் அழப்போகிறார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்போ நீப்புக்கு ஒண்ணுமில்லையா?"

தன் ரத்தத்தின் முன்னால் நின்றுகொண்டு என் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "டேய் ஃபின், அதுக்கு ஒண்ணுமில்லடா! போனைப் போடு. மயக்கம் கொடுத்துடப் போறாங்க! கேமராவை உள்ள விட்டுடப் போறாங்க, பாவம்!"

போன் போட்டேன். ஒரு தடவை தவறான எண்ணுக்குப் போய், பிறகு சரியான எண்ணுக்குப் போனது. "நீப் டோர்வர்டுக்கு எதுவும் பண்ணாதீங்க," என்றேன். "ஏன் சார்?" என்றாள் ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண். "அதோட வியாதி வேற ஆளுக்கு," என்றேன். அதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா காத்திருப்பு அறையில், மடியில் நீப்பை வைத்துக்கொண்டு, முயல் கூண்டோடு வந்த ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இஷ்பெல் பச்சை உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டரம்மா, அது நாய் இல்ல."

"எது நாய் இல்ல?"

"சிவப்பு."

"பின்ன வேற யாரு?" என்றாள் அம்மா. "அங்க யாரும் போறதில்லையே, தடை..."

அம்மா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. சங்கக் கூட்டங்களில் மின்சாரம் போனாலும் முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. நீப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவர் இடுப்புக்குக் கீழே பார்த்தாள், சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். முயல்காரர் தன் கூண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எவ்ளோ நாளா?" என்றாள் கடைசியில்.

"எனக்கு நிறமே தெரியாதே ரோனா. ரத்தம் எப்போ ஆரம்பிச்சதுன்னு..."

"ரத்தத்தைக் கேக்கல. வைக்கோலைக் கேக்கறேன்."

அப்பா தலையைக் குனிந்தார். "நீ தீர்மானம் போட்ட மறுநாள்லேர்ந்து."

அம்மா எழுந்தாள். நீப்பை என் கையில் கொடுத்தாள். நேராக டாக்டரிடம் போனாள்.

"இவனை ஸ்கேன் பண்ணுங்க."

"மிஸஸ் டோர்வர்ட்..."

"மேஜை காலியாத்தானே இருக்கு? மிஷின் சூடாத்தானே இருக்கு? அதே வியாதி, அதே பேருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் அவரைத் தொட்டா என் லைசென்ஸ் போயிடும். சட்டம் அப்படி."

"சட்டம் கிடக்கட்டும்!" என்று கத்தினாள் என் அம்மா, சங்கச் செயலாளர் ரோனா டோர்வர்ட். கத்திவிட்டு, தான் கத்தியதைக் கேட்டு அதிர்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா பக்கத்தில் போய் நின்று, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அவள் தலையில் தன் தொப்பியை வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை.

டாக்டர் இஷ்பெல் அங்கேயே நின்று எங்கள் குடும்ப டாக்டரைப் போனில் கூப்பிட்டார். "இல்ல, இது நாய் விஷயம் இல்ல," என்று நாலு தடவை சொன்னார். அன்றைக்கே பார்க்கிறோம் என்றார்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் ஊரில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. டண்டீ ஆஸ்பத்திரியில் மெல்லிய கேமராவை உள்ளே விட்டார்கள். திரையில் தெரிவதற்கு நிறம் சொல்ல ஆள் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். எந்த மகனும் எந்த அப்பாவுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து நேர்முக வர்ணனை கொடுத்திருக்க மாட்டான். பையின் சுவர் வெளிர் ரோஜா நிறத்தில், நரம்பு ஓடி, அழகாகவே இருந்தது. பிறகு கேமரா திரும்பியது. பக்கச் சுவரில் ஒன்று, காம்பு விட்டு, பூப்பூவாக, தண்ணீரில் கடற்பாசி ஆடுவது போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடா தெரியுது?" என்றார் அப்பா.

"காலிஃப்ளவர் மாதிரி."

"நான் போட்ட காலிஃப்ளவர் ஒண்ணுகூட இந்த வருஷம் பிடிக்கல," என்றார் அப்பா, திரையைப் பார்த்தபடியே. கேமராவைப் பிடித்திருந்த டாக்டர் டல்லக்கின் கை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

"இவ்வளவு நாளா யாரும் கவனிக்கலையா?" என்றார் அவர்.

"நாயைக் கவனிச்சாங்க," என்றார் அப்பா.

இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டு, வந்த வழியாகவே உள்ளே போய், அதைச் சுரண்டி எடுத்தார்கள். பரிசோதனையில் அதே நீளப் பெயர் வந்தது. டாக்டர் டல்லக் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது அப்பா அதை முடித்து வைத்தார். வேகமாக வளரும் வகை. ஆனால் பையின் தசைக்குள் இன்னும் இறங்கவில்லை. இன்னும் சில மாதம் போயிருந்தால் இறங்கியிருக்கும், பிறகு பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். ஆயுசு முழுக்கப் புகைத்த சிகரெட்டைப் பற்றியும் கேட்டார். அப்பா அதை அன்றோடு விட்டார். விடாவிட்டால் அம்மா தீர்மானம் போட்டிருப்பாள்.

மருந்து என்று அவர்கள் சொன்னதைக் கேட்டபோது மறுபடி தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் காசநோய்க்குக் கையில் போடுவார்களே, தழும்பு விழுமே, அதே பி.சி.ஜி. அந்த உயிருள்ள கிருமியைக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் ஊற்றுகிறார்கள். உடம்பு அந்தக் கிருமியோடு சண்டைக்கு வரும்போது மிச்சமிருக்கும் புற்றையும் சேர்த்து அடிக்கும் என்பது திட்டம். "உள்ளூர்ச் சண்டைக்கு வெளியூர் ரவுடியை வரவைக்கிற மாதிரி," என்றார் அப்பா. வாரம் ஒரு தடவை. ஊற்றியதை அடக்கி வைத்திருந்து, பிறகு உட்கார்ந்துதான் போக வேண்டும், நின்றுகொண்டு போகக் கூடாது. போன பிறகு தொட்டியில் பிளீச் ஊற்றி வைக்க வேண்டும். வேறு எங்கும், எந்தச் செடி மேலும், எந்த வைக்கோல் மேலும் போகவே கூடாது. இதை நர்ஸ் சொன்னபோது அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். மருத்துவ உலகம் இத்தனை நாள் கழித்துத் தன் தீர்மானத்தை வழிமொழிகிறது என்ற திருப்தி கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும், கழிவறைக் கதவுக்கு வெளியே பிளீச் பாட்டிலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் முகத்தில் திருப்தி எதுவும் இல்லை.

"உக்காந்துட்டியா எக்?"

"உக்காந்துட்டேன்."

"எரியுதா?"

"நெருப்பு மாதிரி. பேச்சுக் கொடுக்காத."

அம்மா பிளீச் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து வைத்துக்கொண்டாள். நீல மாத்திரையை என்றைக்கோ பிய்த்து எறிந்திருந்தாள். அப்பா கழிவறையை விட்டு வந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அவள் போய்ப் பார்ப்பாள். தினமும். ஒன்றும் சொல்லாமல் வெளியே வருவாள். நான் வீட்டில் இருந்த நாட்களில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நானும் நீப்பும் அன்றைய பொழுதைத் தொடங்குவோம். நீப்பின் வயிற்றில் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. அதன் ஸ்கேனில் தெரிந்த தடிப்பு காலிப்பையின் சுருக்கம்தான். வேறு எதுவும் இல்லை.

கோடையில் மறுபடி கேமரா விட்டார்கள். சுத்தம். இலையுதிர்காலத்தில் இன்னொரு தடவை. சுத்தம். இது திரும்பி வரக்கூடிய சாதி, அதனால் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர் டல்லக். சந்தோஷப்படலாமா என்று கேட்டேன். படலாம், ஆனால் அடக்கமாக என்றார்.

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. நாங்கள் மூவரும் நீப்பும் தோட்டத்தில் கீரை வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்பா திடீரென்று கையுறையை உதறிவிட்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"வீட்டுக்கு. வருது."

"மருந்து ஊத்தி எத்தனை நாளாச்சு?"

"அது எப்பவோ ஆச்சு."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துத் தோட்டங்களில் யாரும் இல்லை. வலையைக் கீழே போட்டாள்.

"இங்கயே போ."

அப்பா நின்றுவிட்டார். நான் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டேன்.

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா உனக்கு? போடா. ஆஸ்பத்திரிக்காரன் எப்பவோ ஒரு தடவைதான் பார்க்கறான். வீட்டு விளக்கு வெளிச்சத்துல எனக்குச் சரியாத் தெரியறதில்ல. இது பகல். இது வெள்ளைப் பனி. நான் பார்க்கறேன்."

அப்பா கொட்டகைக்குப் பின்னால் போனார். அம்மாவும் பின்னாலேயே போய், மரியாதைக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, தடையை மீற வருகிறவர்களைப் பிடிக்கும் காவலாளி மாதிரி நின்றாள். நான் கொட்டகை மூலையில் நின்றேன். சத்தம் ஆரம்பித்து, ஓய்ந்தது.

"ஆச்சு," என்றார் அப்பா. திரும்பவில்லை, அசையவும் இல்லை. "என்ன நிறம் ரோனா?"

அம்மா திரும்பினாள். குனிந்தாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

"மஞ்சள்."

"நிஜமாவா? பிரவுன் கோட்டைச் சிவப்புன்னு சொன்ன மாதிரி இல்லையே?"

அம்மா நிமிர்ந்தாள். அந்தக் கோட்டைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும்தான்.

"மஞ்சள், எக்," என்றாள். "வெறும் மஞ்சள். வேற ஒரு துளி இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதைப் பத்திச் சங்கத்துல மூச்சு விட்டே, தோலை உரிச்சுடுவேன்."

அதற்குள் நீப் குட்டைக்காலால் பனியை உழுதுகொண்டு வந்து, அப்பா விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே காலைத் தூக்கியது. அது முடித்துவிட்டு நகரும் வரை அம்மா காத்திருந்தாள். அதையும் குனிந்து பார்த்தாள்.